வியன்னாவில் எட்டு இரவுகள்: எங்கள் முதல் ஐரோப்பியப் பயணத்தைத் திட்டமிட்ட அனுபவம்

ஐரோப்பாவுக்குப் போவது என்று முடிவானவுடன் எங்கள் வீட்டில் முதலில் எழுதப்பட்டது ஓர் ஊர்ப்பட்டியல். பாரிஸ், ரோம், பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய ஐந்து தலைநகரங்களையும் பன்னிரண்டு நாட்களில் பார்த்துவிடலாம் என்று நானும் என் மனைவியும் கணக்குப் போட்டிருந்தோம். அந்தத் தாளை அம்மாவிடம் காட்டியபோது அவர் முழுவதும் படித்துவிட்டு, "இதுல உட்கார்றது எப்பப்பா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருந்தது. அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாததால், நான்கு ஊர்களை அடித்துவிட்டு, 2024 மே 9 முதல் 17 வரை வியன்னா ஒன்றில் மட்டும் எட்டு இரவுகள் தங்குவது என்று தீர்மானித்தோம். முதல் முறையாக ஐரோப்பா செல்பவர்களுக்கு, அதிலும் பெரியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு, இன்று நான் உறுதியாகச் சொல்லும் யோசனை அதுதான். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுவதிலும், ரயில் நிலையத்திலும், புதிய வீட்டின் சாவிக்குக் காத்திருப்பதிலும் பாதி கழிந்துவிடும். அந்தப் பாதி நாள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

வியன்னாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அம்மாவின் சங்கீத ஈடுபாடு ஒரு காரணம். மற்றொரு காரணம், அந்நகரம் ஏறத்தாழ இருபது லட்சம் மக்கள் வாழும் பெரிய நகரமாக இருந்தும், பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பகுதி ரிங் என்ற வட்டச் சாலையை ஒட்டியே அமைந்திருப்பது. பழைய கோட்டை மதிலை இடிக்கும்படி பேரரசர் ஃபிரான்ஸ் யோசேஃப் 1857இல் ஆணையிட்டார்; மதில் இருந்த இடத்தில் உருவான அகன்ற சாலை 1865இல் திறக்கப்பட்டது. இசை நாடகங்கள் நடக்கும் ஓபரா அரங்கம், அருங்காட்சியகங்கள், நாடாளுமன்றம், நகர மண்டபம் எல்லாம் அந்தச் சாலையில் வரிசையாக நிற்கின்றன. 1, 2 எண் டிராம்கள் அதன் வழியே ஓடுகின்றன. நடக்க முடியாத ஒருவர் சன்னலோரம் அமர்ந்தபடியே நகரத்தின் முகத்தைப் பார்த்துவிடலாம்.

விசா வேலையை மார்ச் மாதத் தொடக்கத்திலேயே தொடங்கினோம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். ஆனால் கோடை விடுமுறையை ஒட்டி விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே அரிதாகிவிடுவதால், அந்தப் பதினைந்து நாள் கணக்கை யாரும் நம்பியிருக்கக் கூடாது. பல நாடுகளுக்குச் செல்பவர்கள், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே ஊர் என்று முடிவு செய்திருந்ததால் எங்களுக்கு அந்தக் குழப்பம் வரவில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம் ஆகியவற்றுடன், நாள்வாரியாக என்ன செய்யப் போகிறோம் என்ற ஒரு பக்கக் கடிதத்தையும் வைத்தோம். பாஸ்போர்ட், திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். நாங்கள் செலுத்திய விசா கட்டணம் ஆளுக்கு 80 யூரோ. 2024 ஜூன் முதல் அது 90 யூரோ ஆகியுள்ளது. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்கும் வரை, தங்குமிடத்தை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே பதிவு செய்து வைத்திருப்பது நல்லது.

தமிழர்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் பெயர் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. இயற்பெயர் மட்டுமே அச்சாகியிருந்தது. விமான முன்பதிவுப் பக்கமோ இரண்டு பெயர்களும் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. சில நிறுவனங்கள் இயற்பெயரையே இரண்டு முறை எழுதச் சொல்கின்றன. சில வேறு வழக்கம் வைத்திருக்கின்றன. நாமாக அப்பாவின் பெயரையோ கணவரின் பெயரையோ அந்தக் கட்டத்தில் நிரப்பிவிட்டால், பயணச்சீட்டில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறொரு பெயரும் என்று ஆகிவிடும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பேசி, அவர்கள் சொன்ன முறையை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொண்டோம். விசா கைக்கு வந்ததும் அதில் பெயரின் எழுத்துகள், தேதிகள், தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அங்கேயே நின்று சரிபார்த்தோம்.

சென்னையிலிருந்து வியன்னாவுக்கு நேரடி விமானம் இல்லை. ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகச் சென்றால், ஷெங்கன் எல்லைக்குள் முதலில் இறங்கும் அந்த விமான நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனை முடிந்தாக வேண்டும். வரிசை நீண்டுவிட்டால் அடுத்த விமானம் தவறும் அச்சம் உண்டு. வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகச் சென்றால் அந்தச் சோதனை வியன்னாவிலேயே நடக்கும். அங்கே ஓடிப் பிடிக்க வேறு விமானம் இருக்காது. அம்மாவை மனத்தில் கொண்டு இரண்டாவது வழியையே தேர்ந்தோம். அவருக்குச் சக்கர நாற்காலி உதவியையும் முன்பதிவின்போதே கேட்டு வைத்தோம். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்திருப்பதால், முதல் முறை செல்பவர்கள் அந்த வரிசைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்வது அவசியம்.

இவ்வளவு கவனமாக இருந்த நாங்கள் நாட்காட்டியைப் பார்க்கத் தவறினோம். மே 9 வியாழக்கிழமை காலை வியன்னாவில் இறங்கி, வீட்டுக்குப் போகும் வழியில் பால், தயிர், காய்கறி வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தோம். அன்று கிறிஸ்துவின் விண்ணேற்றத் திருநாள் என்பதும், ஆஸ்திரியாவில் அது அரசு விடுமுறை என்பதும், அரசு விடுமுறை என்றால் கடைகள் அனைத்தும் மூடியிருக்கும் என்பதும் தெருவில் நின்றபோதுதான் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் மட்டும் 1, 9, 20, 30 ஆகிய நான்கு தேதிகள் அங்கே விடுமுறை. இவற்றில் விண்ணேற்றம், பெந்தகொஸ்தே திங்கள், திருவுடல் திருநாள் ஆகிய மூன்றும் ஈஸ்டரைக் கணக்கிட்டு வருபவை என்பதால் ஆண்டுதோறும் தேதி மாறும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பெரும்பாலானவை மூடிவிடுகின்றன. மத்திய ரயில் நிலையம், பிராட்டர்ஸ்டெர்ன் போன்ற பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் பல்பொருள் அங்காடிகள்தான் அந்நாட்களில் திறந்திருக்கின்றன. விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் செல்லும் நாட்டின் விடுமுறைப் பட்டியலைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நாங்கள் அதைச் செய்யாததால், பதினைந்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு நான் தனியாக ரயிலேறிப் போய்ப் பால் வாங்கி வர வேண்டியிருந்தது.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு வர, பதினாறு நிமிடங்களில் கொண்டுவிடும் தனி விரைவு ரயில் ஒன்று இருக்கிறது. எஸ்7 என்ற சாதாரணப் புறநகர் ரயிலும் அதே வீன் மிட்டே நிலையத்துக்குத்தான் வருகிறது. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்கள் ஆகும், கட்டணம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான். நாங்கள் எஸ்7இல் வந்து, அங்கிருந்து யு3 மெட்ரோவுக்கு மாறினோம். விமான நிலையம் நகரக் கட்டண எல்லைக்கு வெளியே இருப்பதால், நகரத்துக்கான நாள்சீட்டு மட்டும் வைத்திருந்தால் போதாது. நகருக்குள் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. அந்த ஆண்டு 72 மணி நேரச் சீட்டும் வாரச் சீட்டும் ஒரே விலை, 17.10 யூரோ. ஆனால் வாரச் சீட்டு, வாங்கிய நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு அல்ல, திங்கட்கிழமையிலிருந்து அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும்தான் அப்போது செல்லுபடியானது. வியாழனன்று வந்த நாங்கள் முதலில் 72 மணி நேரச் சீட்டும், திங்கள் முதல் வாரச் சீட்டும் எடுத்தது பெரும்பாலும் சரியாக அமைந்தது. பிறகு கட்டணங்கள் மாறிவிட்டன. போகும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ நிலையங்களில் நம் ஊரைப் போலத் தானியங்கிக் கதவுகள் கிடையா. அச்சிட்ட சீட்டை வாங்கியதும் நுழைவாயிலில் இருக்கும் சிறிய பெட்டியில் செருகி நேரத்தைப் பதித்துக்கொள்ள வேண்டும். பதிக்காத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். பரிசோதகர்கள் சாதாரண உடையில்கூட வருகிறார்கள்.

நாங்கள் தங்கிய வீடு நகரின் ஏழாவது வட்டத்தில், அதாவது ஏழாவது நிர்வாகப் பகுதியில், இருந்தது. வியன்னாவில் மொத்தம் 23 வட்டங்கள்; அஞ்சல் குறியீட்டின் நடு இரண்டு இலக்கங்களே வட்டத்தின் எண் என்பதால், 1070 என்றால் ஏழாவது வட்டம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இந்தச் சிறு குறிப்பு தங்குமிடம் தேடும்போது மிகவும் உதவியது. உதவாமல் போனது, 'முதல் மாடி, லிஃப்ட் இல்லை' என்ற விளம்பர வரியை நாங்கள் புரிந்துகொண்ட விதம். ஒரு மாடிதானே, அம்மா மெல்ல ஏறிவிடுவார் என்று நினைத்தோம். வியன்னாவின் பழைய வீடுகளில் தரைத்தளத்துக்கு மேல் ஹோக்பார்தெர் என்று ஒரு தளமும், அதற்கும் மேல் மெட்சனின் என்று ஒரு தளமும் இருந்து, அதன் பிறகுதான் முதல் மாடி தொடங்குவது உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான். நாம் மூன்றாவது மாடி என்று சொல்லும் உயரம். அதிலும் கூரை உயர்ந்த பழைய கட்டடம் என்பதால் படிகளும் அதிகம். வீட்டுக்காரர் தவறாக எதையும் எழுதவில்லை. தெருவிலிருந்து வாசற்கதவு வரை மொத்தம் எத்தனை படிகள் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அம்மா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கி மேலே வந்து சேர்ந்தபோது எனக்கு மனம் தாங்கவில்லை.

அன்று இரவு எங்கள் நாள்வாரித் திட்டத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். காலையில் ஓரிடம், மதியம் வீட்டில் சாப்பாடும் ஓய்வும், மாலையில் ஓரிடம் என்பது பழைய திட்டம். அம்மாவால் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் இறங்கி ஏற முடியும் என்பதால், காலை பத்து மணிக்கு இறங்கினால் மாலைதான் திரும்புவது, இடையில் ஓய்வை வெளியிலேயே எடுப்பது என்று மாற்றினோம். அப்போதுதான் வியன்னாவின் காபி இல்லங்கள் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று புரிந்தது. ஒரு மெலாஞ்ஷ் காபி வாங்கினால், சிறிய தட்டில் ஒரு குவளைத் தண்ணீரோடு வைத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தாலும் எழுந்துபோகச் சொல்வதில்லை. மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாள்களை எடுத்துப் படிக்கலாம். 2011இல் இந்தக் காபி இல்லப் பண்பாட்டை ஆஸ்திரியா தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மெத்தை இருக்கையில் சாய்ந்து அம்மா அரை மணி நேரம் கண்ணயர்ந்த நாட்களும் உண்டு. அந்தத் தண்ணீரும் ஆல்ப்ஸ் மலையூற்றுகளிலிருந்து 1873இல் அமைக்கப்பட்ட கால்வாய் வழியே வருவது. குழாயில் அப்படியே பிடித்துக் குடிக்கலாம் என்பதால் நாங்கள் எங்கும் தண்ணீர் பாட்டில் வாங்கவில்லை.

டிராம்களில் பெரும்பாலானவை தாழ்தளம் கொண்டவை. உள்ளே உயரமான படிகள் உள்ள பழைய வண்டிகளும் சில தடங்களில் வந்தன. நிறுத்தத்தில் உள்ள மின்பலகையில் சக்கர நாற்காலிக் குறி இருந்தால் அது தாழ்தள வண்டி. இதைக் கவனித்த பிறகு, படியுள்ள வண்டியை விட்டுவிட்டு அடுத்த சில நிமிடங்கள் காத்திருக்கத் தொடங்கினோம். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அது நடைமேடையின் ஒரு கோடியில் இருக்கும் என்பதால், எந்தப் பெட்டியில் ஏறுகிறோம் என்பதையும் பார்த்துக்கொண்டால் நடை மிச்சமாகும்.

உணவில் நாங்கள் சைவம். கீற்றுகளாக நறுக்கிய அப்பம் மிதக்கும் சூப் ஒன்றை மனைவி படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பரிமாறுபவரிடம் கேட்டபோது, அதன் சாறு மாட்டிறைச்சியில் காய்ச்சியது என்றார். உருளைக்கிழங்கிலும் முட்டைக்கோசிலும்கூட ஷ்பெக் என்ற பன்றிக் கொழுப்புத் துண்டுகள் சேர்வதுண்டு. இறைச்சி இல்லை என்பதோடு நிறுத்தாமல், சாறு எதில் காய்ச்சியது, ஷ்பெக் உண்டா என்று இரண்டையும் கேட்பது நல்லது. பாலாடைக்கட்டி சேர்த்த கேஸெஷ்பெட்ஸ்லே என்ற மாவுத் துண்டு உணவு, மெல்லிய மாவில் காய்கறியைச் சுருட்டிச் சுட்ட ஷ்ட்ரூடல் இரண்டும் எங்களுக்குப் பிடித்தன. முட்டையைத் தவிர்ப்பவர்கள் முதலாவதில் கவனமாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டு சென்றோம். இறைச்சி, பால் பொருள்களை வெளிநாட்டுப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உள்ளதால் நெய்யையும் பால்கோவாவையும் வீட்டிலேயே விட்டுவிட்டோம். பச்சைக் கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் தேவை என்பதால் அதுவும் வரவில்லை. எங்கள் வட்டத்திலேயே பிரோசி என்ற கடையில் இந்திய மளிகை கிடைத்ததால் சமையலுக்குக் குறை ஏற்படவில்லை.

ஷோன்பிரூன் அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டை ஊரிலிருந்தே வாங்கியிருந்தோம். 1,441 அறைகள் கொண்ட அந்த அரண்மனையில் நாற்பது அறைகளைத்தான் பார்வையாளர்கள் பார்க்கிறார்கள். அதுவே அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பின்புறத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. குன்றின் மேலுள்ள குளோரியெட் மண்டபம் வரை தோட்டத்துச் சிறு வண்டியில் போனோம். புனித ஸ்டீபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தின் 343 படிகளை நான் மட்டும் ஏறினேன்.

அரசு ஓபரா அரங்கில் நின்று பார்க்கும் சீட்டுகள் மிகக் குறைந்த விலையில் நிகழ்ச்சி நாளன்று கிடைக்கின்றன. உள்ளே போய் இடம் பிடித்ததும் கம்பியில் ஒரு துண்டைக் கட்டிவிட்டால், திரும்பி வரும் வரை அந்த இடம் நம்முடையது. ஆகவே ஒரு சிறு துண்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நின்று பார்க்க முடியாத அம்மாவுக்கும் வழி இருந்தது. மே மாதத்தில் பல நாட்கள், உள்ளே நடக்கும் நிகழ்ச்சியை அரங்கின் பக்கவாட்டுச் சதுக்கத்தில் பெரிய திரையில் இலவசமாகக் காட்டுகிறார்கள், நாற்காலிகளும் போட்டிருக்கிறார்கள். மாலைக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூவரும் இரண்டு மணி நேரம் அங்கே அமர்ந்திருந்தோம். தெருக்களில் மொசார்ட் கால உடையில் நின்று சீட்டு விற்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான வேறு கச்சேரிகளுக்கே விற்கிறார்கள். ஓபராவுக்கு அரங்கின் சொந்தச் சாளரத்தையோ இணையதளத்தையோதான் நாட வேண்டும்.

அம்மா தாமே கேட்டுச் சென்ற ஒரே இடம், 71ஆம் எண் டிராம் செல்லும் மத்திய இடுகாடு. இசையமைப்பாளர்களான பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகியோரின் கல்லறைகள் அங்கே அருகருகே இருக்கின்றன. 1770இல் பிறந்த பேத்தோவனும் 1767இல் பிறந்த தியாகராஜ சுவாமிகளும் ஒரே காலத்தில் பாடல் புனைந்தவர்கள் என்று நான் சொன்னதும், அம்மா அங்கிருந்த பலகையில் அமர்ந்து மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனையின் பல்லவியைப் பாடினார். எங்கள் பழைய பட்டியலில் இந்த இடம் இருந்ததே இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை அட்டை எங்கும் செல்லும் என்றாலும் சிறு உணவகங்களில் ரொக்கம் கேட்டார்கள். ஏடிஎம் இயந்திரம் ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டால் மறுத்து, யூரோவையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் மாற்று விகிதத்தில் இழப்பு வரும். நம் ஊரின் மூன்று முனைச் செருகிகள் அங்கே பொருந்தா. அம்மாவின் மாத்திரைகளை, மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்துடன் கைப்பையிலேயே வைத்திருந்தோம்.

கலை வரலாற்று அருங்காட்சியகம் அந்தப் பருவத்தில் திங்கட்கிழமை மூடியிருந்தது. வியாழக்கிழமை மட்டும் இரவு ஒன்பது மணி வரை திறந்திருந்தது. எனவே புறப்படுவதற்கு முந்தைய நாளான மே 16 வியாழனை அதற்கென்றே ஒதுக்கி, அன்று பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வீட்டைவிட்டு இறங்கினோம். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிட்டது. பீட்டர் புரூகலின் ஓவியங்கள் உலகிலேயே அதிகமாக இருக்கும் கூடம் அது. 1565இல் அவர் தீட்டிய, பனியில் வேட்டையிலிருந்து திரும்புவோரின் படத்துக்கு எதிரே அம்மா அமர்ந்துகொண்டார். வேட்டைக்காரர்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு நரிதான் என்பதையும், நாய்கள் தலையைத் தொங்கவிட்டு வருவதையும், கீழே உறைந்த குளத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதையும் ஒவ்வொன்றாக எங்களுக்குக் காட்டினார். மூடும் நேரம் நெருங்கிவிட்டதென்று காவலர் வந்து சொல்லும்வரை அவர் அந்த இருக்கையைவிட்டு எழவில்லை. நாங்களும் அவரை எழுப்பவில்லை.